லாமாவுக்கு என்ன தீனி, எவ்வளவு தீனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஒன்ராறியோவில் ஆடு வளர்க்கும் எனக்குத் தெரிந்த சிலர், கொயோட்டி (ஓநாயின் இனத்துச் சின்னக் காட்டு விலங்கு) தொல்லைக்குக் காவலாக ஒன்றிரண்டு லாமா (ஒட்டகக் குடும்பத்துத் தென் அமெரிக்க விலங்கு) வாங்கி மந்தையோடு விட்டிருக்கிறார்கள். ஆட்டைப் பற்றி அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. லாமாவின் தீனி என்று வந்தால் மட்டும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் வரும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். நான் பார்த்தவரை இங்கே லாமாக்கள் பட்டினியால் கெடுவது குறைவு. உபசரித்துக் கெடுப்பதுதான் அதிகம்.

லாமா என்னதான் தின்னும்? ஆடு மாதிரியா, மாடு மாதிரியா?

புல் தின்னும். பச்சைப் புல் இருக்கும் காலத்தில் மேய்ச்சல், இல்லாத காலத்தில் காயவைத்துக் கட்டிய புல். நடுநடுவே வேலியோரத்து இலைகளையும் புதரையும் கடிக்கும். ஆட்டைப் போல இலைதழையே கதி என்று திரியாது, மாட்டைப் போல ஒரே இடத்தில் வழித்துத் தின்னவும் செய்யாது.

அதன் சொந்த ஊரைத் தெரிந்துகொண்டால் மற்றப் பதில்கள் எல்லாம் எளிதாகிவிடும். பொலிவியாவிலும் பெருவிலும் பரந்து கிடக்கும் அல்டிப்பிளானோ மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து 3,600 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. மழை சில மாதங்கள்தான். அங்கே இச்சு என்ற முரட்டுப் புல் கொத்துக் கொத்தாக நிற்கும், இடையிடையே தோலா என்ற புதர். ஈரமான சதுப்புப் புல்வெளியை லாமாவின் சின்ன உறவான அல்பாக்காக்கள் விரும்பும். லாமாவோ காய்ந்த சரிவில் அந்த இச்சுப் புல்லைத் தின்றே காலத்தை ஓட்டிவிடும். குவானக்கோ என்ற காட்டு விலங்கைப் பழக்கி மனிதர்கள் லாமாவாக்கி ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. அத்தனை காலமும் இல்லாமையில் வாழப் பழகிய உடம்பு இது. அதைக் கொண்டுவந்து ஒன்ராறியோவின் கொழுத்த புல்வெளியில் விடுகிறோம்.

ஆடு, மாட்டுக்கு நாலு இரைப்பை. லாமாவுக்கு மூன்றுதான் என்கிறார்களே, அதனால் என்ன வித்தியாசம்?

மூன்று அறைதான். முதல் அறை மிகப் பெரியது, மொத்தக் கொள்ளளவில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் அதற்கே போய்விடும். நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைப்பது அங்கேதான். அமிலம் சுரப்பது மூன்றாவது அறையின் கடைசிப் பகுதியில். லாமாவும் இரைமீட்கும், மேல்வாயில் முன்பற்களுக்குப் பதில் ஒரு கெட்டி மேடுதான் இருக்கும். இதெல்லாம் ஆட்டைப் போலவேதான்.

வித்தியாசம் செரிமானத்தின் வேகத்தில். லாமாவின் வயிற்றில் முரட்டு நார் அதிக நேரம் தங்கும், ஆகவே மட்டமான புல்லிலிருந்தும் சத்தை நன்றாகப் பிழிந்து எடுத்துவிடும். புரதம் குறைந்த தீனி கிடைத்தால் உடம்பில் கழிவாகும் யூரியாவை மீண்டும் வயிற்றுக்கு அனுப்பி நுண்ணுயிர்களுக்குக் கொடுத்துச் சமாளிக்கும். ஆட்டுக்குப் போதாத புல் லாமாவுக்குப் போதும். ஆட்டுக்கு அளவான தீனி லாமாவைக் கொழுக்க வைக்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு போடுவது? குளிர்காலத்துக்கு எத்தனை கட்டு வாங்கி வைக்க வேண்டும்?

உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை காய்ந்த புல். வளர்ந்த லாமா பெரும்பாலும் 130 முதல் 200 கிலோ வரை இருக்கும். 150 கிலோ என்று வைத்தால் நாளுக்கு இரண்டேகால் முதல் மூன்று கிலோ.

குளிர்காலக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நவம்பர் தொடக்கம் ஏப்ரல் முடிய ஏறத்தாழ 180 நாள். நாளுக்கு 2.7 கிலோ என்றால் 486 கிலோ. மிதிபட்டும் இறைந்தும் வீணாவதைச் சேர்த்தால் தலைக்கு அரை தொன்னுக்கு மேல் வேண்டும். இருபது கிலோச் சின்னக் கட்டாக வாங்கினால் முப்பது கட்டு எடுத்து வையுங்கள். மார்ச் மாதத்தில் கட்டுக்கு அலைவது நல்ல அனுபவம் இல்லை.

கடும் குளிர் வீசும் நாட்களில் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். கூட்டுவது புல்லாகவே இருக்கட்டும், தானியம் வேண்டாம். நார் புளிக்கும்போது வயிற்றில் பிறக்கும் சூடே உடம்பைக் காப்பாற்றும்.

கோதுமை வைக்கோல் மலிவாகக் கிடைக்கிறது. அதையே போட்டால் என்ன?

படுக்கைக்குப் போடுங்கள். வைக்கோலில் புரதம் நாலைந்து சதவீதம்தான் இருக்கும், வளர்ந்த லாமாவுக்குக் குறைந்தது எட்டு முதல் பத்து சதவீதம் வேண்டும். இரண்டாவது கேள்வியில் சொன்ன திறமைக்கும் ஒரு எல்லை உண்டு. அளவுக்கு மீறிக் கொழுத்த லாமாவுக்கு மட்டும் புல்லோடு கொஞ்சம் வைக்கோல் கலந்து கொடுப்பதுண்டு, வயிறும் நிறையும், சத்தும் ஏறாது.

அக்கா, நான் நல்ல பச்சை அல்பால்பாக் கட்டாகப் பார்த்து வாங்கினேன். அது வேண்டாம் என்கிறீர்களா?

அல்பால்பா (தமிழ்நாட்டில் குதிரைமசால் என்பார்கள்) நல்ல தீனிதான். அதில் புரதம் 17, 18 சதவீதம் வரை போகும், கல்சியமும் அதிகம். பால் கறக்கும் ஆட்டுக்கு அது சரி. சும்மா நிற்கும் காவல் லாமாவுக்கு அது தினமும் கல்யாண வீட்டுச் சாப்பாடு.

லாமாவுக்கு நான் தேடுவது முதல் வெட்டுப் புல், அதாவது அந்த ஆண்டில் முதல் தடவை வெட்டியது: திமோதி, ஓர்ச்சாட் புல், புரோம் கலந்தது. ஜூனில் வெட்டியதாக, தண்டு கொஞ்சம் முரடாக, ஆனால் பச்சை மணத்தோடு இருக்க வேண்டும். இரண்டாம் வெட்டில் இலை அதிகம், சத்தும் அதிகம். அதைச் சினை லாமாவுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் மெலிந்த கிழட்டு லாமாவுக்கும் ஒதுக்கி வையுங்கள். கையில் இருக்கும் அல்பால்பாவை எறிய வேண்டியதில்லை, இவர்களுக்கே புல்லோடு கொஞ்சம் கலந்து போடலாம்.

கட்டைப் பிரித்ததும் மூக்கை வைத்துப் பாருங்கள். பூஞ்சை வாடையோ தூசிப் புகையோ வந்தால் லாமாவுக்குப் போடாதீர்கள். பிளாஸ்டிக் சுற்றிப் புளிக்கவைத்த புல்லுருண்டையையும் நான் தவிர்ப்பேன். சரியாகப் புளிக்காத உருண்டையில் லிஸ்டீரியா போன்ற கிருமி வளரும்.

ஆட்டுக்குப் போடும் தானியத்தையே லாமாவும் தின்கிறது. தடுக்க வேண்டுமா?

கட்டாயம். இதற்கு இரண்டு காரணம், இரண்டாவது உயிர்க் கொல்லி.

முதலாவது, ஒரேயடியாக நிறையத் தானியம் தின்றால் முதல் அறையில் அமிலம் ஏறி லாமா படுத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நாள்பட்டுத் தின்றால் கொழுக்கும். காயடித்த ஆண்களுக்குத் தானியத்தில் உள்ள பொஸ்பரஸ் கூடிச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும் ஆபத்தும் உண்டு.

இரண்டாவது, தீனியில் கலந்துவரும் மருந்து. மொனென்சின், சலினோமைசின் போன்றவற்றை மாடு, கோழித் தீனிகளில் வளர்ச்சிக்காகவும் இரத்தக்கழிச்சலைத் தடுக்கவும் கலக்கிறார்கள். அந்த விலங்குகள் தாங்கும் அளவு லாமாவின் இதயத் தசையையும் கால் தசையையும் அழித்துவிடும். மாற்று மருந்து கிடையாது. ஆகவே சாக்கில் தைத்திருக்கும் துண்டை ஒவ்வொரு தடவையும் வாசியுங்கள். மருந்து கலந்த தீனி அரைத்த இயந்திரத்திலேயே உங்கள் தீனியும் அரைபடுகிறதா என்று ஆலையில் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

தடுக்கும் வழி எளிது. லாமாவால் நுழைய முடியாத, ஆடு மட்டும் புகும் சின்ன வாசல் வைத்த கொட்டிலில் ஆட்டுத் தானியத்தை வையுங்கள்.

உப்புக்கட்டி ஒன்று தொங்கவிட்டிருக்கிறேன். தாது உப்பு தனியாக வேண்டுமா?

வேண்டும், தூளாக. லாமாவின் நாக்கு மாட்டின் நாக்கைப் போல நீண்டு வெளியே வராது. கட்டியை நக்கித் தேவையான அளவு எடுக்க அதனால் முடியாது.

எந்தத் தூள் என்பதில்தான் சிக்கல், காரணம் செப்பு. செம்மறிக்குச் செப்பு சீக்கிரமே விஷமாகும், அதனால் செம்மறித் தூளில் செப்பு சேர்ப்பதில்லை. வெள்ளாட்டுக்குச் செப்பு நிறைய வேண்டும். லாமா இரண்டுக்கும் நடுவில்: கொஞ்சம் தேவை, கூடினால் ஈரல் போய்விடும். மாட்டுத் தூளையோ வெள்ளாட்டுத் தூளையோ லாமாவுக்கு வைக்காதீர்கள். லாமா, அல்பாக்காவுக்கென்றே தயாரித்த தூள் கிடைக்கிறது. செம்மறியோடு நிற்கும் லாமா என்றால் அந்தத் தூளைச் செம்மறிக்கு எட்டாத உயரத்தில் பெட்டியடித்து வையுங்கள். லாமாவின் கழுத்து வேறு எதற்கு இருக்கிறது? வெள்ளாடு என்றால் இந்த உபாயம் பலிக்காது, அது எங்கேயும் ஏறும்.

செலனியம் இன்னொன்று. ஒன்ராறியோ மண்ணில் அது குறைவு, அந்த மண்ணில் விளைந்த புல்லிலும் குறைவு. குறைந்தால் குட்டிகளுக்குத் தசை வெளுத்துப் பலம் போகும். ஆனால் செலனியம் கூடினாலும் சாவுதான். தூளிலும் கொடுத்து, ஊசியும் போட்டு, பெலெட்டிலும் (அரைத்து அழுத்திச் சின்னத் துண்டாக்கிய தீனி) சேர்த்து என்று மூன்று பக்கத்தால் ஏற்றாதீர்கள். எல்லாச் சாக்குகளின் விவரத்தையும் மிருக வைத்தியரிடம் காட்டிக் கணக்குப் போடுங்கள்.

குளிர்காலத்தில் விற்றமின் டி ஊசி போடச் சொல்கிறார்கள். நாலு கால் மிருகத்துக்குமா?

ஆமாம். அல்டிப்பிளானோவில் வெயில் சுள்ளென்று அடிக்கும், அந்த உயரத்தில் புற ஊதாக் கதிருக்குப் பஞ்சமே இல்லை. இங்கே நவம்பருக்குப் பிறகு சூரியன் சாய்ந்து போகிறது, வெளிச்சம் இருந்தாலும் தோலில் விற்றமின் டி உண்டாகாது. மேலே அடர்ந்த கம்பளி வேறு. பாதிப்பு அதிகம் வருவது வளரும் குட்டிகளுக்கு, அதிலும் இலையுதிர் காலத்தில் பிறந்தவற்றுக்கும் கருநிறக் கம்பளி உள்ளவற்றுக்கும். இரத்தத்தில் பொஸ்பரஸ் குறைந்து கால் வளையும், முதுகு கூனும், குட்டி நடக்கவே தயங்கும்.

ஊசியாகவோ வாயில் பூசும் பசையாகவோ கொடுக்கலாம். எடைக்கேற்ற அளவை வைத்தியர் சொல்ல வேண்டும், இதுவும் கூடினால் விஷம்.

தண்ணீர்? குளிர்காலத்தில் ஸ்னோவைத் தின்கிறதே, போதாதா?

போதாது. 150 கிலோ லாமாவுக்கு நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு லீற்றர் வேண்டும், பால் கொடுப்பவைக்கு இன்னும் கூட. காய்ந்த புல் தின்னும் காலத்தில்தான் தண்ணீர் அதிகம் தேவை, அதே காலத்தில்தான் வாளி உறைகிறது. சூடேற்றும் வாளி வாங்கி வையுங்கள். தண்ணீர் குறைந்தால் தீனி குறையும், ஆண்களுக்கு மேலே சொன்ன கல்லும் வரும்.

என் லாமா நல்ல மொழுமொழுவென்று இருக்கிறது. பிறகும் ஏன் மெலிந்திருக்கிறது என்கிறார் வைத்தியர்?

கண் பார்ப்பது கம்பளியை. உள்ளே எலும்பும் தோலுமாக இருந்தாலும் வெளியே தெரியாது. கையால்தான் பார்க்க வேண்டும். முதுகின் நடுவில், விலா எலும்புகள் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால், கம்பளியை அழுத்தி முதுகெலும்பின் இருபுறமும் உள்ளங்கையைச் சரித்து வையுங்கள். முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டுக்கு நேராக, ஏறத்தாழ 45 பாகையில் சரிந்தால் அளவான உடம்பு. குழிந்து உள்ளே போனால் மெலிவு. உள்ளங்கை வெளியே புடைத்தோ தட்டையாகவோ நின்றால் கொழுப்பு. பின்தொடைகளின் இடையையும் பாருங்கள், நடக்கும்போது அவை உரசினால் தீனியைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது.

மாதம் ஒரு முறை இப்படித் தடவிப் பார்த்து எழுதி வையுங்கள். தராசு இருந்தால் இன்னும் நல்லது.

கொழுத்திருந்தால் இரண்டு நாள் பட்டினி போடலாமா?

கூடவே கூடாது. கொழுத்த லாமா திடீரென்று தின்பதை நிறுத்தினால் உடம்பிலுள்ள கொழுப்பு மொத்தமாகக் கரைந்து ஈரலில் போய்ப் படியும், அதிலிருந்து மீட்பது கடினம். சினை லாமாவுக்கும் பால் கொடுப்பவைக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். தானியத்தை நிறுத்துங்கள், முரட்டுப் புல்லுக்கு மாற்றுங்கள், கொழுத்த மேய்ச்சலில் நிற்கும் நேரத்தைக் குறையுங்கள். மாதக்கணக்கில் மெதுவாக இறங்கட்டும்.

சினையாக இருக்கிறது. இப்போதிருந்தே கூட்டிப் போடட்டுமா?

சினைக்காலம் பதினொன்றரை மாதம். முதல் எட்டு மாதம் வழக்கமான தீனியே போதும். கடைசி மூன்று மாதத்தில்தான் குட்டி வேகமாக வளரும், அப்போது புரதத்தை 12 சதவீதம் அளவுக்கு உயர்த்துங்கள். ஒதுக்கி வைத்த இரண்டாம் வெட்டுப் புல் இப்போதுதான் வெளியே வரும். பெற்ற பிறகு பால் கொடுக்கும் முதல் மூன்று மாதம் தேவை உச்சம், அப்போது பெலெட்டும் சேர்க்கலாம். எந்த மாற்றத்தையும் பத்து நாள், இரண்டு வாரம் எடுத்துச் செய்யுங்கள், வயிற்று நுண்ணுயிர்கள் பழக வேண்டும்.

பெலெட் போட்டதும் கழுத்தை நீட்டி இருமுகிறது, வாயில் நுரை வருகிறது. நோயா?

தொண்டையில் அடைத்திருக்கிறது. பெலெட் என்றால் சில லாமாக்கள் மெல்லாமல் விழுங்கும். பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். தீனியை எடுத்துவிட்டு அமைதியாக நிற்கவிடுங்கள், தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். அரை மணி, முக்கால் மணியில் சரியாகாவிட்டால் வைத்தியர். அடுத்த முறை தட்டில் முஷ்டியளவு கூழாங்கற்கள் நாலைந்து போட்டு அவற்றின் இடையில் பெலெட்டைத் தூவுங்கள், பொறுக்கித் தின்ன நேரமாகும். இல்லாவிட்டால் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள்.

தீனி நேரத்தில் மட்டும் ஒன்றையொன்று துப்புகின்றன. என்ன செய்வது?

தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள், லாமாக்களின் எண்ணிக்கையைவிட ஒரு தொட்டி கூடுதலாக. அடங்கிப்போகும் லாமா மெலிவது இப்படித்தான்.

மிச்சச் சோறு, பாண், பழத்தோல் கொடுக்கலாமா? பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.

சோறும் பாணும் வேண்டாம். இரண்டும் மாவுச்சத்து, தானியத்துக்குச் சொன்னதே இதற்கும். கரட்டையோ அப்பிளையோ மெல்லிய துண்டாக நறுக்கி ஒரு கைப்பிடி கொடுக்கலாம். பிள்ளைகள் கையால் ஊட்டுவதைவிடத் தட்டில் போடுவது நல்லது, பழகிவிட்டால் லாமா சட்டைப்பையை மோந்து தள்ளும்.

தோட்டத்தில் வெட்டிய கிளைகளை வேலிக்கு மேலால் எறியும் அயலவர்களுக்கும் சொல்லி வையுங்கள். றோடோடென்ட்ரன், அசேலியா, யூ மரம், அரளி எல்லாம் லாமாவைக் கொல்லும். செர்ரி மரத்தின் இலை வாடும்போது சயனைட் உண்டாகும், புயலில் முறிந்த கிளையை அன்றைக்கே அகற்றுங்கள்.

தாய் பாலூட்டவில்லை. ஆட்டுப்பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் முதல் நாளில் பாலைவிட முக்கியம் சீம்பால். குட்டி பிறக்கும்போது 9 முதல் 14 கிலோ வரை இருக்கும். முதல் 24 மணி நேரத்தில் எடையில் பத்து சதவீதம், அதாவது ஒரு லீற்றருக்குக் குறையாமல் சீம்பால் உள்ளே போக வேண்டும், அதிலும் முதல் ஆறு மணி நேரத்தில் போவதே உடம்பில் நன்றாகச் சேரும். தாயிடம் இல்லாவிட்டால் ஆட்டின் சீம்பால் உதவும். ஆடு வளர்க்கும் உங்களுக்கு இதில் ஒரு வசதி: நோயில்லாத ஆட்டின் சீம்பாலைச் சின்னப் போத்தல்களில் உறையவைத்து வைத்திருக்கலாம். அப்புறம் ஆட்டுப்பாலோ பசுப்பாலோ, நாளுக்குப் பல தடவை. தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள், கால் கிலோவாவது ஏற வேண்டும்.

ஆண் குட்டி என்றால் போத்தலைக் கொடுத்ததும் திரும்பி வந்துவிடுங்கள். கொஞ்சி விளையாடி வளர்த்தால் மனிதனைத் தன் இனம் என்று நினைத்து, பெரிதானபின் மோதித் தள்ளும். மற்ற லாமாக்களோடேயே வளரட்டும்.

மேய்ச்சல் இடம் நிறைய இருந்தும் ஒரு மூலையில் புல்லைத் தொடுவதே இல்லை. ஏன்?

அது அவற்றின் மலக்கூடம். லாமாக்கள் எல்லாம் ஒரே இடத்தில் கழித்துவிட்டு அதைச் சுற்றி மேயாது, குடற்புழுவிலிருந்து தப்ப நல்ல வழக்கம். ஆடுகளுக்கு அந்த ஒழுங்கு இல்லை என்பதால் கலந்து மேய்த்தால் புழு பரவத்தான் செய்யும். குவியலை அடிக்கடி அள்ளிவிடுங்கள்.

இங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. வெள்ளைவால் மானின் மூளை உறையில் வாழும் ஒரு புழு, நத்தை வழியாகப் புல்லில் ஏறி, லாமா தின்றால் முதுகுத்தண்டைத் தாக்கும். பின்கால் தடுமாறுவது முதல் அறிகுறி. ஈரமான, மான் வரும் தாழ்நிலத்தில் மேயவிடாதீர்கள். இந்தப் புழுவைத் தடுக்கும் மருந்து ஊசியை எந்த மாதங்களில் போடுவது என்று வைத்தியரிடம் அட்டவணை வாங்குங்கள்.

நன்றாகத்தான் தின்கிறது, ஆனாலும் இறங்கிக்கொண்டே போகிறது. தீனியைக் கூட்டவா?

முதலில் தீனியில் கை வைக்காதீர்கள். கடைவாய்ப் பல்லைப் பாருங்கள்: மென்று பாதியில் உருண்டையாகத் துப்பினால், கன்னத்தில் புல் தேங்கினால் பல்தான் காரணம், கிழட்டு லாமாக்களில் இது சகஜம். பிறகு மலத்தைப் புழு முட்டைக்குச் சோதியுங்கள். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. அப்புறம் தீனி நேரத்தில் ஒளிந்து நின்று பாருங்கள். நீங்கள் நிற்கும்போது தின்று, நீங்கள் போனதும் இன்னொன்று துரத்துகிறதா என்று தெரியும். இவ்வளவும் சரியென்றால் புல்லின் மாதிரியைச் சோதனைக்கு அனுப்புங்கள். பார்க்கப் பச்சையாக இருந்தும் புரதம் ஆறு சதவீதம் என்று வரும் கட்டுகள் உண்டு.

பல் தேய்ந்த கிழட்டு லாமா என்றால் பெலெட்டும் பொடியாக நறுக்கிய புல்லும் வெந்நீரில் ஊறவைத்து, தனியாகக் கட்டி, நாளுக்கு இரண்டு தடவை கொடுங்கள். மற்றவை வந்து பறிக்காமல் அது தின்று முடிக்கும்வரை பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டியிருக்கும்.